ராத்திரி நனையும் படுக்கைக்குப் பகலில் செய்ய வேண்டிய வேலைகள்

பிள்ளைக்கு ஐந்து வயது நிறையவில்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். துணியை மாற்றிவிட்டு, மெத்தைமேல் ஒரு ரப்பர் ஷீட்டைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஐந்து வயதுக்கு மேல்தான் மருத்துவத்தில் இதை ஒரு பிரச்சினை என்றே கணக்கில் எடுக்கிறார்கள், அதிலும் பிள்ளை அதைப்பற்றிக் கவலைப்படவில்லையென்றால் ஆறேழு வயது வரை பொறுத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் வயதுள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டாருக்குத்தான் இது.

நான் காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவன், டாக்டர் இல்லை. அதனால் டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியதையும், போய்வந்தபிறகு அவர் சொன்னதை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதையும்தான் எழுதுகிறேன். கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தம்பி, பேரனுக்கு ராத்திரி ஒண்ணுக்குப் போகாம இருக்க ஒரு மாத்திரை குடுங்க, நாளைக்குக் கல்யாண வீட்டுல தங்கணும்" என்று கேட்கிற ஆச்சிமார் உண்டு. சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. காரணம் பின்னால் வருகிறது. மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியவை நாலைந்து இருக்கின்றன. அவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நோட்டும், ஒரு அளவு ஜாடியும், தினம் ஒரு கொய்யாப்பழமும்தான்.

எத்தனை பேருக்கு, எதனால்

நூறு பிள்ளைகளை எடுத்தால் ஐந்து வயதில் சுமார் 15 பேர் ராத்திரி நனைக்கிறார்கள். பத்து வயதில் அது 5 பேராகக் குறைகிறது. பதினைந்து வயதைத் தாண்டியும் ஒன்றிரண்டு பேர் மிஞ்சுகிறார்கள். ஆண்பிள்ளைகள்தான் கூடுதல். ஒவ்வொரு வருடமும், நனைக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு எந்த வைத்தியமும் இல்லாமலே நின்றுவிடுகிறது. அதனால்தான் மந்திரித்த கயிறு முதல் எள்ளுருண்டை வரை எதைச் சொன்னாலும் "எங்க வீட்டுல கேட்டுச்சே" என்று சாட்சி சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார். எள்ளுருண்டை நல்ல பண்டம், தாராளமாகக் கொடுங்கள். கயிறும் யாரையும் கடிக்காது. ஆனால் சூடு வைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது எல்லாம் வைத்தியம் கிடையாது, பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

காரணம் என்று பார்த்தால் மூன்று. தூங்கும்போது மூளையிலிருந்து வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து சிறுநீர் உற்பத்தியைக் குறைக்க வேண்டும், சில பிள்ளைகளுக்கு அந்த ஏற்பாடு இன்னும் சரியாக அமைந்திருக்காது, ராத்திரியும் பகல் அளவுக்கே ஊறும். வேறு சிலருக்கு மூத்திரப்பை நிறைவதற்கு முன்பே சுருங்கிக் கொட்டிவிடும். மூன்றாவது, பை நிறைந்துவிட்டது என்ற செய்தி போனாலும் தூக்கம் கலைவதில்லை, இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் பொது. இவற்றோடு மலச்சிக்கல் என்று ஒன்று பெரும்பாலும் ஒளிந்துகொண்டிருக்கும், அதற்குத் தனியாக வருகிறேன். சோம்பேறித்தனம், பிடிவாதம், செல்லம் கொடுத்துக் கெட்டது, இதெல்லாம் எந்த மருத்துவப் பட்டியலிலும் கிடையாது.

பரம்பரையும் பெரிய காரணம். தாய் தகப்பன் இருவருக்கும் சின்ன வயதில் இந்தப் பழக்கம் இருந்திருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு சுமார் 77 சதவீதம், ஒருவருக்கு மட்டும் என்றால் 44 சதவீதம், இருவருக்குமே இல்லையென்றால் 15 சதவீதம். வீட்டில் அப்பத்தாவையோ ஆயாவையோ தனியாகக் கேட்டுப் பாருங்கள், பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிற அப்பச்சியின் (தகப்பனின்) பழைய கதை வெளியே வரலாம். வந்தால் அதை அப்பச்சியே பிள்ளையிடம் சொல்லட்டும். "எனக்கும் ஒம்பது வயசு வரைக்கும் இருந்துச்சுடா, அப்புறம் நின்னுருச்சு" என்று ஒருமுறை சொன்னால் போதும்.

வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராக டாக்டரிடம் போக வேண்டியவை

ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி தொடங்கினால் காரணத்தைத் தேடவேண்டும். அதோடு தண்ணீர்த் தாகம் அதிகமாகி, அடிக்கடி ஒண்ணுக்குப் போய், உடம்பும் இளைத்தால் அன்றைக்கே இரத்தச் சர்க்கரை பாருங்கள். பிள்ளைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் பல வீடுகளில் இப்படித்தான் முதலில் தெரியவருகிறது, ஓரிரு வாரம் தள்ளிப்போட்டால் வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். "வெயிலுக்குத் தண்ணி குடிக்கிறான்" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வதற்கு நம் ஊர் சித்திரை வெயில் வசதியாக இருக்கிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், முகமோ காலோ வீங்குவது, பகலிலும் துணி நனைவது, முக்கிப் போவது, மெல்லிய தாரையாகச் சொட்டுவது, எந்த நேரமும் ஈரமாகவே இருப்பது (பெண்பிள்ளைகளுக்குக் குறிப்பாக), மலமும் துணியில் கசிவது, நடையில் மாற்றம், முதுகின் அடியில் முடிக்கொத்தோ குழியோ கட்டியோ தெரிவது: இதில் எது இருந்தாலும், பிள்ளைக்கு எத்தனை வயதானாலும், டாக்டர் பார்க்கவேண்டும். பலமாகக் குறட்டை விட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கும் பிள்ளைக்கு மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்ற சதை வளர்ந்து மூச்சு தடைப்படலாம். அதைச் சரிசெய்தபிறகு படுக்கை நனைவதும் நின்றவர்கள் உண்டு. ஆசனவாயில் அரிப்பு இருந்தால் பூச்சித் தொல்லையையும் பார்த்துவிடுங்கள்.

திடீரென்று தொடங்குவதற்கு மனக்காரணமும் இருக்கலாம். புதுத் தம்பி தங்கை, பள்ளிக்கூட மாற்றம், விடுதியில் சேர்த்தது, தகப்பன் வெளிநாட்டு வேலைக்குப் போனது, வீட்டில் சண்டை. யாராவது பிள்ளையிடம் தப்பாக நடந்துகொண்டிருக்கக்கூடும் என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு பிள்ளை பயந்தால் பொறுமையாகக் கேளுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தால் உதவி கிடைக்கும்.

இதெல்லாம் எதுவும் இல்லாத பிள்ளைக்கும் ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அதற்கு மதுரைக்கு ஓட வேண்டாம், காரைக்குடி அரசு மருத்துவமனையிலேயே ஆகும். எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் தேவையில்லை. எந்த டாக்டரைப் பார்ப்பது என்றே தெரியவில்லையென்றால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

நோட்டுப் போடுங்கள்

டாக்டரிடம் போனதும் அவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு நம்மிடம் பதில் இருக்காது. "தினமும் போறானா?" "அடிக்கடி." "பகல்ல எத்தனை தடவை?" "தெரியலையே." அதனால் ஒரு வாரம் எழுதுங்கள். எந்தெந்த ராத்திரி நனைந்தது, சின்ன வட்டமா முழுப் பாயுமா, வெளிக்கு எந்த நாளெல்லாம் போனான், கெட்டியா இளக்கமா. சனி ஞாயிறு வீட்டில் இருக்கும்போது ஜாடியில் போகச்சொல்லி, ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி என்று அளந்து எழுதுங்கள். காலையில் எழுந்ததும் போவதை விட்டுவிட்டு மற்றவற்றில் அதிகமான அளவு எது என்று பாருங்கள்.

கணக்கு எளிது. வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் அந்த வயதில் மூத்திரப்பை பிடிக்கவேண்டிய அளவு மில்லியில் வரும். ஏழு வயதுக்கு 240, ஒன்பது வயதுக்கு 300. பன்னிரண்டு வயதுக்கு மேல் சுமார் 390-இல் நின்றுவிடும். உங்கள் பிள்ளை ஒரு தடவைகூட அதில் மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லையென்றால் பை சின்னதாக இருக்கிறது அல்லது சீக்கிரம் சுருங்குகிறது. பகலில் அளவு சரியாக இருந்து ராத்திரி மட்டும் பாய் முழுக்க நனைகிறதென்றால் ராத்திரிச் சுரப்பு அதிகம். எந்த வைத்தியம் பொருந்தும் என்பதை டாக்டர் முடிவு செய்ய இந்த ஒரு பக்கம் நோட்டு பெரிய உதவி. இதைக் கொண்டுபோனவர்களிடம் டாக்டர்கள் கூடுதல் நேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை குடலில்

மாத்திரை கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "தினமும் வெளிக்குப் போகிறானா?" என்பதுதான். நாங்கள் ஒண்ணுக்குப் பிரச்சினையைச் சொன்னால் இவன் ரெண்டுக்குப் போவதைப் பற்றிக் கேட்கிறானே என்று முகம் சுளிப்பார்கள். காரணம் இருக்கிறது. மலக்குடல் மூத்திரப்பைக்கு நேர் பின்னால் இருக்கிறது. அங்கே நாள்கணக்கில் கெட்டியாகத் தேங்கினால் முன்னால் இருக்கும் பைக்கு விரிய இடம் குறைகிறது, சும்மா இருக்கும்போதே அது உறுத்தப்பட்டுச் சுருங்குகிறது. 1997-இல் அமெரிக்காவில் மலச்சிக்கலுள்ள பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், மலச்சிக்கலுக்கு மட்டும் வைத்தியம் செய்ததிலேயே ராத்திரி நனைத்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு அது நின்றுபோனது. இவ்வளவு பலனுள்ள விஷயத்தைப் பலரும் கேட்பதேயில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

தினமும் போகிறான் என்பதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். தினம் கொஞ்சம் போய்விட்டு மீதி உள்ளேயே தங்கலாம். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாகப் போனாலோ, கழிப்பறையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாகப் போனாலோ, போகும்போது வலித்தாலோ, ஜட்டியில் கறை இருந்தாலோ அது மலச்சிக்கல்தான்.

சாப்பாட்டில் ஒன்றும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. வெண்டைக்காய் மண்டி, கீரை, அவரை, தோலோடு பாசிப்பயறு, கவுனி அரிசி, கொய்யா, பப்பாளி, எல்லாம் நம் வீட்டில் இருப்பவைதான். பிள்ளை சாப்பிடுவது வெள்ளைப் பணியாரமும் சீயமும் மட்டும் என்றால்தான் சிக்கல். பால் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் போனால் குறைக்கலாம், பால் வயிற்றை அடைத்துவிட்டால் பிள்ளை மற்றது சாப்பிடாது.

காலைச் சாப்பாடு முடித்ததும் ஐந்து பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரவையுங்கள், வந்தாலும் வராவிட்டாலும். சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடிக்கவேண்டும். ஏழு மணிக்குப் பள்ளி வேன் என்றால் அதற்குத் தகுந்தமாதிரி எழுப்பவேண்டும், வேறு வழியில்லை. பழைய குந்தும் கழிப்பறை இதற்கு நல்லது. மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் பிள்ளையின் கால் தொங்காமல் அடியில் ஒரு முக்காலியைப் போட்டுக் கொடுங்கள், முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கவேண்டும். இத்தனைக்கும் சரியாகவில்லையென்றால் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் பவுடரோ லாக்டுலோஸ் சிரப்போ டாக்டர் எழுதுவார். அதை நான்கு நாள் கொடுத்துவிட்டு "போயிருச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். விரிந்துபோன குடல் பழைய அளவுக்கு வர மாதக்கணக்கில் ஆகும், டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்

ராத்திரி நனைக்கிறான் என்று நாள் முழுக்கத் தண்ணீர் தராமல் வைப்பது உதவாது. நம் பக்கத்து வறட்சியில் அது ஆபத்தும்கூட. குறைவாகக் குடித்தால் மலம் இறுகும், சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், பை பெரிதாகப் பழகவும் வாய்ப்பிருக்காது. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு லிட்டரிலிருந்து 1.4 லிட்டர், அதற்கு மேல் வளர்ந்தவர்களுக்கு இரண்டு லிட்டர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் ஓடியாடும் நாளில் இன்னும் கூட.

அந்த மொத்தத்தில் 40 சதவீதம் எழுந்ததிலிருந்து மத்தியானத்துக்குள், இன்னொரு 40 சதவீதம் மத்தியானத்திலிருந்து ஐந்து மணிக்குள், மீதி 20 சதவீதம் ஐந்து மணிக்குமேல். சொல்வது சுலபம், ஆனால் பள்ளிக்கூடத்தில் நடப்பது வேறு. காலையில் நிரப்பிக்கொண்டுபோன பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும், வந்ததும் பிள்ளை ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கும், ராத்திரி நனைப்பது அந்தத் தண்ணீர்தான். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் பல நேரம் பதில், பள்ளிக் கழிப்பறை நாறுகிறது, கதவில் தாழ்ப்பாள் இல்லை, டீச்சர் விடமாட்டார் என்பதாக இருக்கும். பெண்பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டே இருப்பது சர்வசாதாரணம். வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து, "இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போகவிடுங்கள், டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லிவிடுங்கள். படுக்கை நனையும் விஷயத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பல பள்ளிகளில் இப்போது தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறார்கள். அடிக்காத பள்ளியென்றால் பெற்றோர் கூட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து இடைப்பலகாரம். சாயங்காலம் முறுக்கும் தேன்குழலும் மிக்சரும் கொடுத்தால் உப்புக்குத் தாகம் எடுக்கும், தின்ற உப்பை வெளியேற்றவும் சிறுநீரகம் ராத்திரி வேலை செய்யும். அதோடு டீயோ காபியோ கோலாவோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வேண்டியதைக் கொடுங்கள், நாலரை மணிக்குள் முடித்துவிடுங்கள். தர்பூசணி, நுங்கு, இளநீர் எல்லாம் மத்தியானத்துக்கு. ராத்திரிச் சாப்பாடு படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடியட்டும், படுக்கும்போது பால் டம்ளரை நீட்டும் பழக்கத்தை அப்பத்தாவிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள். இந்த ஒன்றுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை என்று என்னிடம் சொல்லாத மருமகள் இல்லை.

படுக்கும் நேரம்

படுக்கப்போகும் முன் ஒண்ணுக்குப் போகவேண்டும், அவசரமில்லாமல் முழுக்கப் போகவேண்டும். இங்கே நம் ஊர் வீடுகளுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. பழைய வீடுகளில் பிள்ளை படுப்பது வளவையொட்டிய அறையிலோ பட்டாலையிலோ, கழிப்பறை இரண்டாங்கட்டையும் தாண்டிக் கொல்லையில். பாதி வீடு பூட்டிக் கிடக்கிற, நாலு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் அந்த இருட்டைத் தாண்டிப்போகப் பெரியவர்களுக்கே யோசனை வரும். பிள்ளை பாதி தூரம் போய்விட்டு "போயிட்டேன்" என்று திரும்பிவிடும். வழி நெடுக இரண்டு சின்ன விளக்கு போடுங்கள், கூடவே போய் நில்லுங்கள், அல்லது ராத்திரிக்கு மட்டும் அறைக்குப் பக்கத்திலேயே மூடிபோட்ட வாளி ஒன்றை வையுங்கள்.

இலவம்பஞ்சு மெத்தை நனைந்தால் நாற்றம் போகாது. மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய கண்டாங்கிச் சேலையை நான்காக மடித்து, அதன்மேல் விரிப்பு. இதே மூன்றையும் அதன்மேல் இன்னொருமுறை போட்டு வைத்தால் நடுராத்திரி நனையும்போது மேலடுக்கை மட்டும் உருவிவிட்டுத் தூங்கலாம். காலையில் விரிப்பை முற்றத்துக் கொடியில் எல்லோர் கண்ணிலும் படக் காயப்போடாதீர்கள், மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டித்தான் பள்ளிக்கு அனுப்பவேண்டும், வகுப்பில் வாசனையை வைத்துக் கேலி செய்தால் அது எளிதில் ஆறாது. நனைந்த துணியை வாளியில் கொண்டுபோய்ப் போடச் சொல்லலாம், தண்டனையாகச் சொல்லாமல் வீட்டு வேலையில் ஒன்றாக.

ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைப்பது பல வீட்டிலும் நடக்கிறது. அன்றைக்குப் பாய் காயும், அவ்வளவுதான். பாதித் தூக்கத்தில் போவதால் பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை.

பரிசு கொடுப்பதிலும் ஒரு விவரம் இருக்கிறது. "நனைக்காம இருந்தா சைக்கிள்" என்று சொல்லாதீர்கள், தூக்கத்தில் நடப்பது பிள்ளையின் கையில் இல்லை, முயன்றும் கிடைக்காத சைக்கிள் இன்னொரு அவமானம். தண்ணீரை நேரத்துக்குக் குடித்தது, படுக்கும் முன் மறக்காமல் போனது, இவற்றுக்கு நோட்டில் ஒரு நட்சத்திரம் ஒட்டுங்கள்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு மாதமாவது விடாமல் செய்யுங்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு இதிலேயே குறைந்துவிடும். குறையாதவர்களுக்குத்தான் அடுத்த இரண்டும்.

அலாரம்

ஜட்டியில் மாட்டும் சின்ன உணரி (சென்சார்), ஒரு சொட்டு ஈரம் பட்டதும் தோளில் குத்தியிருக்கும் பெட்டி கத்தும். 1904-இல் பவுண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், படுக்கை நனைந்ததை நர்ஸ்களுக்குத் தெரிவிக்க ஒரு மணியை வைத்தார். மணி அடித்து அடித்துப் பிள்ளைகள் நனைப்பதே குறைந்ததைக் கவனித்தார். 1938-இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதி அதை முறையான வைத்தியமாக்கினார்கள். இன்றுவரை, நின்றபிறகு திரும்ப வராமல் இருப்பதில் மாத்திரையைவிட இதுதான் மேல். ஒழுங்காகப் பயன்படுத்தினால் மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் கிடைக்கிறது. நம் ஊர்க் கடைகளில் வைத்திருக்க மாட்டார்கள், நானும் வைத்திருக்கவில்லை, ஆன்லைனில் வரவழைக்கவேண்டும்.

"அலாரம் அடிக்குது, வீடே எழுந்துருச்சு, இவன் மட்டும் தூங்குறான்" என்று முதல் வாரத்திலேயே பெட்டியைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. முதல் சில வாரம் அப்படித்தான் இருக்கும். பெரியவர் ஒருவர் அதே அறையில் படுத்து, அடித்ததும் பிள்ளையை எழுப்பி, முகத்தில் தண்ணீர் தெளித்தாவது முழு விழிப்புக்குக் கொண்டுவந்து, பிள்ளையின் கையாலேயே அலாரத்தை நிறுத்தவைத்து, கழிப்பறைக்கு நடத்திப் போகவைத்து, துணி மாற்றி, மறுபடி மாட்டிவிட்டுப் படுக்கவேண்டும். தினமும், ஒரு ராத்திரிகூட விடாமல். அதனால் திருவிழாவும் கல்யாணமும் வரிசைகட்டி நிற்கும் மாதத்தில் தொடங்காதீர்கள். எழுப்பும் வேலையை வீட்டில் இரண்டு பேர் பிரித்துக்கொள்ளுங்கள், அம்மா ஒருத்தியே சுமந்தால் மூன்றாம் வாரம் தாண்டாது. கோடையில் வியர்வைக்கே சில கருவிகள் கத்தும். அப்போது பருத்தி ஜட்டி இரண்டைப் போட்டு உணரியை வெளி ஜட்டியில் மாட்டுங்கள்.

நனைந்த வட்டம் சின்னதாவது, விடியற்காலைக்குத் தள்ளிப்போவது, பிள்ளை தானே எழுவது, இவையெல்லாம் பலன் கிடைக்கத் தொடங்கியதன் அறிகுறி. நான்கு வாரத்தில் இதில் ஒன்றுமே தெரியவில்லையென்றால் டாக்டரிடம் பேசுங்கள். தெரிந்தால், தொடர்ந்து 14 ராத்திரி காய்ந்திருக்கும்வரை விடாதீர்கள், இரண்டு மூன்று மாதம் ஆகலாம்.

மாத்திரை

டெஸ்மோப்ரெசின் என்பது வாசோப்ரெசினைப் போலச் செய்த மருந்து, ராத்திரி சிறுநீர் ஊறுவதைக் குறைக்கும். ஏற்கும் பிள்ளைக்கு முதல் சில நாளிலேயே பலன் தெரியும்; பத்தில் மூன்று பேருக்கு முழுப் பலன், நான்கு பேருக்கு ஓரளவு. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுப்பது வழக்கம், அளவை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

சீட்டில்லாமல் ஏன் தரமாட்டேன் என்றால், இந்த மருந்து தண்ணீரை உடம்பிலேயே நிறுத்திவைக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை தாராளமாகத் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். அதனால் மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்புவரை ஒரு வாய் தண்ணீருக்கு மேல் கூடாது. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் மாத்திரையே வேண்டாம். மூக்கில் அடிக்கும் வகையில் இந்த ஆபத்து கூடுதல் என்று 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு படுக்கை நனைப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நிறுத்தியது, யாராவது பழைய புட்டியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பலன் தந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கச் சொல்வார்கள், இயற்கையாகவே நின்றிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

பை சீக்கிரம் சுருங்கும் பிள்ளைகளுக்கு ஆக்சிபியூட்டினின் எழுதுவதுண்டு. அதற்கு மலச்சிக்கலை உண்டாக்கும் குணமும் வியர்வையைக் குறைக்கும் குணமும் இருப்பதால் அக்கினி நட்சத்திர நாளில் வெயிலில் விளையாட விடுவதைக் கவனியுங்கள். இமிப்ரமின் பழைய மருந்து. அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும், இன்று அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்திருந்தால் வீட்டில் சின்னக் குழந்தை கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

வெளியூரில் தங்கும்போது

கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), லீவுக்கு ஆயா வீடு, எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஒரே ஜமுக்காளத்தில் வரிசையாகப் படுப்பார்கள். அதற்குப் பயந்து "எனக்கு வயித்து வலி, நான் வரலை" என்று சொல்லும் பிள்ளையை அதட்டாதீர்கள். அதற்காக மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு ஒன்றிரண்டு வாரம் முன்பே வீட்டில் கொடுத்துப் பாருங்கள், அளவு ஏற்கிறதா என்று அங்கே போய்ச் சோதிக்க வேண்டாம். கல்யாண வீட்டில் ராத்திரி பன்னீர் சோடாவும் பாயசமும் கையில் வந்துகொண்டே இருக்கும், மாத்திரை போட்ட பிள்ளைக்கு அது எவ்வளவு ஆபத்து என்பது கூட வரும் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். மாத்திரை இல்லையென்றால் உறிஞ்சும் ஜட்டி, மேலே அடர் நிற டிராயர், சுவரோரப் படுக்கை, பக்கத்தில் நீங்கள். ஒரு மாற்று உடையும் பிளாஸ்டிக் பையும் தலையணைக்கு அடியில் இருக்கட்டும். அந்த வீட்டில் விஷயம் தெரியவேண்டியது ஒரே ஒருவருக்குத்தான், யாரென்று பிள்ளையே சொல்லட்டும்.

திரும்ப வந்தால்

அலாரத்தில் நின்றவர்களுக்கும் சில மாதம் கழித்துத் திரும்ப வரலாம். மலச்சிக்கல் மறுபடி வந்திருக்கிறதா, பள்ளி திறந்து தண்ணீர் நேரம் மாறிவிட்டதா என்று முதலில் பார்த்துவிட்டு, அலாரத்தை எடுத்து மறுபடி மாட்டுங்கள், இரண்டாம் முறையும் வேலை செய்யும். அதனால் பிள்ளைக்கு நின்றுவிட்டது என்ற சந்தோஷத்தில் கருவியை உடனே ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிடாமல் ஆறு மாதமாவது பீரோவில் வைத்திருங்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டு.